அண்ணன் தீட்டிய நிழல்

என் அண்ணன் பிரிக்பீல்ட்ஸில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் படங்களுக்கு வண்ணம் தீட்டும் வேலை பார்த்தான். கறுப்பு வெள்ளைப் படத்தில் கன்னத்துக்கு ரோஸ், சேலைக்குப் பச்சை, நகைக்கு மஞ்சள். அதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு அந்தக் கல்யாணம் நடந்திருக்கும்.

ரப்பர் விலை விழுந்து சீமைக்குக் கிளம்பிய துரை ஒருவரின் வீட்டு ஏலத்தில், ஐரோப்பிய ஓவியங்களைப் பற்றிய தடிப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்தான். பிடித்தது சனி. சாப்பிட உட்கார்ந்தாலே பாடம்தான். கேமரா வந்ததும் அச்சு அசலாக முகம் வரைகிற வேலை போய்விட்டதாம். குழாயில் அடைத்த சாயமும் ரயிலும் வந்ததால் ஓவியர்கள் அறையை விட்டு வெயிலுக்குப் போனார்களாம். அங்கே பார்த்தால் நிழலில் கறுப்பே இல்லையாம், ஊதாவும் பச்சையும்தானாம்.

அந்த நேரத்தில்தான் கிள்ளானிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் சம்பந்தம் வந்தது. அவரைக் கோயில் திருவிழாவில் ஒருமுறை பார்த்திருந்தேன். இப்போது சொல்வதற்கென்ன, ரொம்பப் பிடித்திருந்தது. பெண்ணின் படம் கேட்டார்கள். அண்ணன் தீட்டி, எங்கள் யாருக்கும் காட்டாமலே அனுப்பிவிட்டான்.

பெண்ணுக்கு ஈரல் கோளாறா, கன்னம் ஏன் பச்சையாக இருக்கிறது என்று கேட்டுக் கடிதம் வந்தது.

"பாரிஸ்லயும் மொதல்ல சிரிக்கத்தான் செஞ்சாங்க," என்றான் அண்ணன். "ஒத்துக்க முப்பது வருஷம் ஆச்சு."

"எனக்கு இப்பவே இருபத்திரெண்டு," என்றேன்.

அவன் புத்தகத்தைப் பாதிதான் படித்திருந்தான். முதல் ஜெர்மன் சண்டைக்குச் சற்று முன்னால், முகத்தைத் துண்டு துண்டாக்கி மூக்கையும் கண்ணையும் இடம் மாற்றி வைத்த ஓவியர்கள் பின்பாதியில் வருகிறார்கள். அதுவரை அவன் போகாதது என் நல்ல காலம்.

அப்பா அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு, நேரிலேயே காட்டிவிடுவோம் என்று எங்கள் இருவரையும் ரயிலில் கிள்ளானுக்கு அழைத்துப் போனார். பெண்ணைக் கொண்டுபோய்க் காட்டுவது எங்களில் வழக்கமில்லை. எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனேன்.

மாப்பிள்ளையின் அம்மா எங்களை ரம்புத்தான் மரத்தடியில் உட்காரவைத்தார். உச்சி வெயில் இலைகளுக்குள் புகுந்து பச்சையாக என் மேல் விழுந்துகொண்டிருந்தது. அந்த அம்மாள் படத்தை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"படத்துல ஒரு தப்பும் இல்லீங்க," என்றார் அப்பாவிடம். "பொண்ணு அப்படியேதான் இருக்கு."

காபி கொடுத்து அனுப்பிவைத்தார்கள். சம்பந்தம் அதோடு முடிந்தது.

திரும்பும் ரயிலில் நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அண்ணனின் வேலையை அதுவரை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை.

"அந்தம்மாவுக்குக் கண்ணு இருக்கு," என்றான்.