பனிக்குச் சத்தம் உண்டா?

போன வாரம் நியூஜெர்சியில் இந்தக் குளிர்காலத்தின் முதல் பெரிய பனி. காலையில் எழுந்து பார்த்தால் பார்க்கிங்கில் கார்களே இல்லை — வெள்ளை மேடுகள்தான் வரிசையாக நின்றன. ரிமோட்டை அழுத்தி, எந்த மேட்டுக்குள் லைட் எரிகிறது என்று பார்த்துத்தான் என் காரைக் கண்டுபிடித்தேன்.

அமெரிக்கக் குளிரைப் பற்றி எத்தனையோ வேடிக்கைகள் சொல்லலாம். சாப்பாட்டில் உப்பு போட அவ்வளவு யோசிக்கிற ஊர் இது... ரோட்டில் மட்டும் லாரி லாரியாகக் கொட்டுவார்கள், ஐஸ் பிடிக்காமல் இருக்க. டெக்சஸில், ஃபிரிஸ்கோவில் இருக்கிறாள் என் தோழி ஒருத்தி. கடுங்குளிர் அறிவிப்பு வந்தால் பைப் உறைந்து வெடிக்காமல் இருக்க, ராத்திரி முழுக்கக் குழாயைச் சொட்ட விடுவாள். சென்னையில் குடத்தோடு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடியவள்! அந்தச் சொட்டுச் சத்தத்தில் தூக்கமே வருவதில்லையாம்.

இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. எனக்கே தெரியாத ஒன்றை அப்பாதான் கண்டுபிடித்தார் — கோவில்பட்டியில் இருந்துகொண்டு.

அப்பாவுக்குக் கண் பார்வை போய்விட்டது. கிளாக்கோமா. தம்பி வீட்டில் இருக்கிறார். வீடியோ காலில் அவருக்கு என்ன லாபம்? அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். பேசி முடித்ததும் நான் போனை பால்கனிக்கு வெளியே நீட்டிப் பிடிக்க வேண்டும். நான் இருக்கிற ஊரை அவர் காதால் பார்ப்பார். புல் வெட்டுகிற மெஷின், கூட்டமாகக் கத்திக்கொண்டு போகும் வாத்துகள், குப்பை லாரி... எல்லாம் அத்துபடி. "இன்னைக்கு லாரி லேட்டு போலயே" என்பார். எங்கள் அபார்ட்மென்ட் மேனேஜருக்கே அது தெரிந்திருக்காது.

கண் தெரியாமல், இந்த வயதில் அவர் இவ்வளவு தூரம் வர முடியாது, சரி. நான் ஏன் போகவில்லை? போகலாம். ஆனால் திரும்பி வர பாஸ்போர்ட்டில் புது விசா குத்த வேண்டும். அதற்கு அமெரிக்கத் தூதரகத்தில் வாங்குகிற அப்பாயின்ட்மென்ட் தள்ளிப்போய், மாதக்கணக்கில் ஊரிலேயே மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். வேலை, பெண்ணின் ஸ்கூல், எப்போது வரும் என்றே தெரியாத கிரீன் கார்டு... "அடுத்த வருஷம் கண்டிப்பா வர்றேம்ப்பா" என்று சொல்லிச் சொல்லியே நாலு வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

பனி பெய்த அன்றும் போனை நீட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துக் காதில் வைத்தால், அப்பா கவலையாகக் கேட்டார்.

"என்னம்மா, லைன் கட்டாயிருச்சா?"

இல்லையே. மறுபடி நீட்டினேன். நானும் உற்றுக் கேட்டேன்... நிஜமாகவே ஒன்றும் இல்லை. கார் இல்லை, வாத்து இல்லை. ஊரையே மியூட்டில் போட்ட மாதிரி இருந்தது.

ஸ்கூல் லீவு விட்ட குஷியில் இருந்த என் பெண், "ஸ்னோ ஈட்ஸ் சவுண்ட், அம்மா" என்றாள். நான் நம்பவில்லை. தேடிப் பார்த்தால் உண்மைதான். புதிதாக விழுந்த பனிக்குள் பொடிப்பொடியாக நிறைய இடைவெளி இருக்கிறது. சினிமா தியேட்டர் சுவரில் பஞ்சு அடைத்திருப்பார்களே, அதுபோலச் சத்தத்தைக் குடித்துவிடுகிறது.

அப்பாவிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப இன்னைக்கு நீ எங்க இருக்கன்னே எனக்குத் தெரியல."

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அன்று முழுக்க எந்த மீட்டிங்கிலும் மனசு நிற்கவில்லை. அவருக்கு என் வீடு என்றால் அந்தச் சத்தங்கள்தானே? அது ஒரே ராத்திரியில் காணாமல் போய்விட்டது.

ஆனால் இந்தப் பனி இருக்கிறதே, அது கொஞ்சம் குணம் மாறுகிற ஆசாமி. வெயிலில் மேலாக உருகி, மறுபடி உறைந்து கெட்டியாகிவிட்டால் அப்படியே நேர்மாறாக நடந்துகொள்ளும். சத்தத்தைக் குடிக்காது, திருப்பி அடிக்கும். காற்றில்லாத குளிர்காலையில் எங்கேயோ எழும்பும் சத்தம்கூட வீடு தேடி வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை போனை நீட்டியபோது அப்படித்தான் ஒரு ரயில் ஹாரன் கேட்டது. பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷன், பிளெய்ன்ஸ்பரோவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காரில் போகிற தூரம். மற்ற நாளில் அந்தச் சத்தம் எங்களை எட்டாது.

அங்கே ரயில் இருப்பதை நான் இத்தனை நாள் சொல்லவே இல்லையே என்றார் அப்பா. குரலில் அப்படி ஒரு சந்தோஷம். எங்கே போகிறது என்று கேட்டார். நியூயார்க் என்றேன். வழியில் என்னென்ன ஸ்டேஷன் என்றார். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், யோசிக்காமல் நியூவார்க் ஏர்போர்ட் என்றும் சொல்லிவிட்டேன்.

"ஏர்போர்ட்டுக்கே போகுதா?"

"ஆமாப்பா."

"அப்ப ஏறி வந்துரும்மா."

எனக்குப் பேச வரவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அப்பா மெதுவாகக் கேட்டார்.

"என்னம்மா, லைன் கட்டாயிருச்சா?"

இந்தத் தடவை பனியின் மேல் பழி போட முடியவில்லை.