சீனக்குடாவில் விமானத்தைக் கையால் இழுக்கிறார்கள்

வியாழன் காலை. இரத்மலானையில் என்னைத் தராசில் ஏற்றினார்கள். மலிவு விமானம் என்ற விளம்பரத்தை நம்பிப் பதினாலாயிரத்து ஐநூறு ரூபா கட்டியிருந்தேன். ஐம்பது வயதில், முன்பின் தெரியாத பத்துப் பேருக்கு முன்னால் என் நிறையை உரத்து வாசிப்பார்கள் என்று விளம்பரத்தில் போட்டிருக்கவில்லை. பன்னிரண்டு பேர் ஏறும் சிறிய விமானம். யார் எங்கே உட்காருவது என்பதை ஆளின் நிறையும் பையின் நிறையும்தான் தீர்மானிக்கின்றன. என்னை விமானிக்கு நேர் பின்னால் இருத்தினார்கள். காரணம் கேட்கவில்லை.

கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு வீதியால் ஏறக்குறைய இருநூற்று அறுபது கிலோமீற்றர். இதுவரை ரயிலில் தூங்கி விழுந்துகொண்டுதான் போயிருக்கிறேன். இந்த முறை ஒரு மணித்தியாலத்துக்குள் கந்தளாய்க் குளம் கீழே வந்துவிட்டது. அடுத்து வயல், காடு, காட்டுக்குள் பழைய எண்ணெய்த் தாங்கிகள், பிறகு துறைமுகத்தின் கருநீலத் தண்ணீர். சீனக்குடாவில் இறங்கினோம்.

இறங்கியதும் கண்ட காட்சி எனக்குச் சிரிப்பை மூட்டியது. விமானத்தின் முன்சக்கரத்தில் ஒரு நீண்ட கம்பியை மாட்டி, நான்கு பேர் சேர்ந்து அதைக் கையாலேயே இழுத்துத் திருப்பினார்கள். மலிவு விமானத்துக்கு இழுவை வண்டி எதற்கு! நால்வரில் ஒருத்தி பெண். இருபத்தைந்து வயதிருக்கும், தலையில் தொப்பி, கழுத்தில் அடையாள அட்டை. இழுத்து முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு வந்தவள் எங்கள் பைகளையும் எடுத்துக் கொடுத்தாள். "நீங்கள் எங்கட வீட்டிலதானே தங்கப்போறியள், அன்ரி? நான் தரணி. அம்மா வெளியில ஓட்டோ அனுப்பியிருக்கிறா."

ஓட்டோக்காரர் கிண்ணியாவைச் சேர்ந்த நிசாம். உப்புவெளிக்கு இரண்டாயிரத்து ஐநூறு ரூபா என்றார். அந்தப் பணத்துக்குக் கதையும் இலவசமாகக் கிடைத்தது. விமானக் கம்பனியின் காசு முழுவதும் வெளிநாட்டவருடையதாம். ஆனால் பாதிக்கு மேற்பட்ட பங்கு இந்த நாட்டவர் கையில் இருக்கவேண்டும், நடத்துகிற பொறுப்பும் அவர்களிடமே இருக்கவேண்டும் என்பது விதியாம். அதற்காகப் பங்குக்காரராகப் பெயர் மட்டும் கொடுத்திருந்த கொழும்புக்காரர் விலகிவிட்டார். மாத முடிவுக்குள் புதுப் பெயர் கிடைக்காவிட்டால் விமானம் நின்றுவிடும்.

"வெளிநாட்டுக்காரங்க மொதல்ல ஹார்பரக் கேட்டு வந்தாங்க, பொறகு எண்ணெய்த் தாங்கியக் கேட்டு வந்தாங்க. இப்ப நம்மட பேரக் கேட்டு வாறாங்க, அக்கா," என்றார் நிசாம்.

"யாருடைய பெயரைக் கேட்கிறார்கள்?"

"நீங்க தங்கப்போற வீட்டுக்காரி கமலினி அக்காடதான்!"

எனக்கு ஆவல் தாங்கவில்லை. கடற்கரையில் குளித்துவிட்டுச் சும்மா கிடப்பதற்காக வந்தவள் நான். அந்த எண்ணம் அந்த ஓட்டோவிலேயே பறந்துவிட்டது.

வெள்ளி காலை. கமலினி மீன் வாங்க இறக்கக்கண்டிக்குப் புறப்பட்டபோது நானும் தொற்றிக்கொண்டேன். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். கணவர் இல்லை, விருந்தினருக்கு விடும் ஆறு அறைகளையும் தனியாகவே நடத்துகிறார். தரணி ஒரே மகள். கட்டார் விமான நிலையத்திலிருந்து அவளுக்கு வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. இங்கே விமானம் ஓடினால் இருப்பாள், நின்றால் போய்விடுவாள். கமலினி பெயர் கொடுத்தால் மகள் வீட்டில். அவ்வளவுதான் கணக்கு.

"பிறகேன் யோசிக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் கடலைக் காட்டினார். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். படகு வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு வந்திருந்தது. அதன் இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் இரண்டு வரிசையாக நின்று ஆட்கள் இழுத்தார்கள். இப்படி வலை இழுக்க ஒவ்வொரு குடும்பத்துக்கும் கரையில் ஒரு துண்டு உண்டு. அதைப் பாடு என்கிறார்கள். கமலினியின் தகப்பனுக்கும் இங்கே ஒரு பாடு இருந்ததாம். வலையும் படகும் வெளியூர் முதலாளி ஒருவருடையவை. கரைத்துண்டுக்குரிய பெயர் மட்டும் தகப்பனுடையது.

"பருவத்தின்ர முதல் இழுவையில பேருக்குரியவர் வந்து கயிறில கை வைக்கவேணும், அக்கா. வைச்சால்தான் கரையில அவரை உரிமைக்காரன் எண்டு எடுப்பினம். அந்த முதலாளி நல்ல மனுசன். 'ஐயா, உங்களுக்கு முழங்கால் நோவு, நீங்கள் வரத் தேவையில்ல, பங்கு வீட்டுக்கு வரும்' எண்டவர். அப்பாவும் சந்தோசமா வீட்டில இருந்திட்டார். பங்கும் வந்தது. ரெண்டு பருவம் போனாப்பிறகு கரையில எல்லாரும் கூடினவை. 'நீ கயிறு தொடேல்லையே' எண்டு அப்பாவின்ர பேரை வெட்டிவிட்டினம்." கமலினி மீன்கூடையை மாற்றிப் பிடித்தார். "ஏமாத்தினவர் எண்டு ஒருத்தரையும் சொல்ல ஏலாது. அதுதான் இண்டைக்கும் எனக்கு ஆறேல்ல."

பாரை மீன் வாங்கிக்கொண்டு திரும்பினோம். மேற்கொண்டு கேள்வி கேட்காமல் வருவது எனக்கு லேசான காரியமில்லை.

சனி மாலை. கம்பனிக்காரர் வந்தார். மார்ட்டின் என்று பெயர், ஐரோப்பாவின் வடக்கு மூலையைச் சேர்ந்தவர். வெயிலில் சிவந்த மூக்கு, சாந்தமான பேச்சு. ஒரு வில்லனை எதிர்பார்த்திருந்த எனக்குச் சற்று ஏமாற்றம்தான். விறாந்தையில் கதிரைகள் போட்டு, பாரைக் குழம்போடு சாப்பாடு. மற்றவர்களுக்கு மறுப்பில்லாததால் நானும் உட்கார்ந்துகொண்டேன். மார்ட்டின் ஆங்கிலத்தில் சொல்ல, தரணி தாய்க்குத் தமிழில் சொன்னாள்.

காசு முழுவதும் எங்களுடையது, பெயர் மட்டும் போதும், நட்டம் வந்தால் நாங்களே ஏற்போம் என்றார் மார்ட்டின்.

"சரி. மாரி மாசங்களிலயும் ஓடுமோ எண்டு கேள்," என்றார் கமலினி.

ஓடாது, அப்போது உல்லாசப் பயணிகள் வருவதில்லை, விமானத்தை வேறு நாட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று பதில் வந்தது.

"மாரியிலதானே எங்கட சனம் வருத்தக்காரரைக் கொண்டு கொழும்பு ஆஸ்பத்திரிக்கு ஓடுறது. அனுப்பவேண்டாம் எண்டு நான் சொல்ல ஏலுமோ?"

மார்ட்டின் புன்னகைத்தார். இதெல்லாம் உங்களுக்கு எதற்குத் தொந்தரவு, நீங்கள் ஒன்றுமே செய்யத் தேவையில்லை, அலுவலகத்துக்கு வரவும் தேவையில்லை என்றார். உண்மையான அன்போடுதான் சொன்னார்.

தரணி மொழிபெயர்க்கத் தொடங்கி இடையில் நிறுத்திவிட்டாள்.

"சொல்லு," என்றார் தாய்.

"வரத் தேவையில்லையாம், அம்மா."

கமலினி தன் கோப்பையைத் தள்ளி வைத்தார். எனக்கு இறக்கக்கண்டிக் கரை கண்முன் வந்தது. அவருக்கும் வந்திருக்கும். "அவருக்குச் சொல்லு, பேர் வேணுமெண்டால் உன்ர பேரைப் போடட்டும். நீதானே ஒவ்வொரு நாளும் அந்தப் பிளேனை இழுக்கிறாய்."

தரணியின் முகம் சிவந்தது. "இதை நான் எப்பிடியம்மா சொல்லுறது?"

"இவ்வளவு நேரமும் எப்பிடிச் சொன்னியோ, அப்பிடி."

சொன்னாள். தரணி என்பவள் வேறெங்கோ இருக்கிற ஒருத்தி என்பதுபோல, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். மார்ட்டின் சிரிக்கவில்லை, அதற்காக அவரை எனக்குப் பிடித்தது. தரணி கெட்டிக்காரி, ஆனால் பங்குக்காரியாகிவிட்டால் தினமும் கேள்வி கேட்பாள், என்னோடு காசு போட்டவர்களுக்கு அது சரிவராது என்றார்.

"நான் கன கேள்வி கேப்பனாம், அம்மா."

"அதுக்குத்தானே சொன்னனான்."

மார்ட்டின் நன்றி சொல்லி, குழம்பைப் பாராட்டிவிட்டு எழுந்து போனார். அந்த விதியை எழுதியவர்களும் இதைத்தான் நினைத்திருப்பார்கள், பெயர் யாருடையதோ பிடியும் அவரிடமே இருக்கவேண்டும் என்று. எழுதிய பிறகு அது கையெழுத்து வாங்கும் வேலையாகச் சுருங்கிவிட்டது. குசினிக்குள் கமலினி சட்டி கழுவும் சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது. மகளைத் தன் வாயாலேயே அனுப்பிவிட்டதை நினைத்து அழுதிருப்பார். எட்டிப்பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிறு காலை. வழியனுப்பக் கமலினியும் நிசாமின் ஓட்டோவில் வந்தார். விமான நிலைய வாசலுக்குச் சற்று முன்பே, கம்பி வேலியோரம் இறங்கிக்கொண்டார். "நான் இதில நிக்கிறன், அக்கா. நீங்கள் சுகமாப் போட்டு வாங்கோ."

ஓட்டோ நகர்ந்ததும் நிசாம் குரலைத் தாழ்த்தினார். "சந்தைக்கு வந்தா இந்த எடத்துல நிப்பாட்டச் சொல்லுவாங்க. புள்ள பிளேன் இழுக்கிறதப் பாத்துட்டுத்தான் திரும்புவாங்க. தரணிக்குத் தெரியா."

உள்ளே தரணி என்னைத் தராசில் ஏற்றினாள். "ரெண்டு கிலோ கூடியிருக்கு, அன்ரி," என்று காதோடு சொன்னாள். இரத்மலானைக்காரர்கள் இவளிடமிருந்து கற்கவேண்டும்.

"கட்டாருக்கா?" என்று கேட்டேன்.

"ஓம். அவர் வேற பேர் தேடிக் கொழும்புக்குப் போட்டார். கிடைச்சாலும், கேள்வி கேக்க ஏலாத இடத்தில நான் இருக்கமாட்டன்."

"அம்மாவில் கோபமா?"

"கோபமோ? வேலைக்குச் சேந்த நாளில இருந்து வெயிலுக்க நிண்டு கறுக்கிறாய் எண்டு ஏச்சுத்தான். நேற்று அவ சொல்லுமட்டும், நான் இழுக்கிறது அவவுக்குத் தெரியுமெண்டே நான் நினைக்கேல்ல, அன்ரி." அவள் என் பைக்கு அட்டை கட்டும் சாட்டில் குனிந்துகொண்டாள்.

"வேலிப் பக்கம் பார்," என்றேன்.

பிறகு விமானத்தில் ஏறி உட்கார்ந்தேன். கொழும்பில் வாடகைக்கு விட்ட ஒரு வீடு என் பெயரில் இருக்கிறது, ஒரு சங்கத்தில் தலைவி என்ற பட்டமும் இருக்கிறது. இரண்டின் பக்கமும் நான் போய்ப் பல மாதங்கள். நினைக்க வெட்கமாக இருந்தது.

வெளியே நால்வரும் கம்பியைப் பிடித்துவிட்டார்கள். வேலிக்கு அப்பால் கமலினியின் சேலைத் தலைப்பு காற்றில் ஆடியது. அவர் கையை உயர்த்தி ஆட்டினார். தரணி பதிலுக்குக் கை காட்டவில்லை. இரண்டு கையும் கம்பியில் இருந்தன. வேலிப் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டே, எங்கள் எல்லோரையும் இழுத்தாள்.