பல்மோ போர்த்திய பனி

பல்மோவுக்கு இருந்தது ஒரே வயல். ஸன்ஸ்கார் மலைப்பள்ளத்தாக்கில் எங்கள் ஊரின் நிழல் பக்கம், வெயில் கடைசியாக வந்து முதலில் போய்விடும் இடம். இரண்டு வருடமாகப் பார்லி முற்றுவதற்குள் உறைபனி விழுந்துவிட்டது. வீட்டில் மிஞ்சியது ஒரு மூட்டை விதை. எனக்கு அவள் அக்கா முறை, அச்சே என்பேன்.

இலையுதிர் காலத்தில் எல்லா வீட்டிலும் மண் அள்ளிச் சேர்த்துவைப்போம். குளிர் தணிந்ததும் அதைப் பனிமேல் தூவினால் வெயிலை வாங்கிப் பனி சீக்கிரம் உருகும். தூவும் நாளை ஊர்தான் முடிவுசெய்யும். பல்மோ காத்திருக்கவில்லை. ஒரு மாதம் முன்பே தனியாகத் தூவினாள். அந்த வருடம் பனியே முழங்காலுக்குக் கீழேதான். ஆறு நாளில் வயல் கறுப்பாக வெளியே வந்தது. அன்று அவள் சிரித்துக்கொண்டே தண்ணீர் தூக்கிப் போனாள்.

பிறகு காற்று திரும்பியது. பன்னிரண்டு நாள் கடுங்குளிர். மண் கல்லாகிவிட்டது.

பக்கத்து வயல் குன்ஸெஸ் கல்வரப்பில் நின்று பார்த்தாள். "பச்சப் புள்ள மேல கெடந்த போர்வைய உருவிட்டு, ஏன் வெறச்சுப்போச்சுன்னு பாக்குறியா?"

பல்மோ முதுகில் கூடையை மாட்டிக்கொண்டு ஓடைப்பள்ளத்துக்குப் போனாள். அங்கே கிடந்த பனியை வெட்டிவந்து வயலில் கொட்டினாள். நானும் சுமந்தேன். மூன்று நாளில் ஒரு மூலைகூட மூடவில்லை.

"நீ ஜம்முல மண்ணப் பத்தித்தானே படிச்ச. உள்ள உயிர் இருக்கா?" என்று கேட்டாள் பல்மோ.

படித்ததைச் சொன்னேன். பனிக்கு அடியில் மண் அவ்வளவாக உறையாது. குளிருக்குப் பழகிய நுண்ணுயிர்கள் அந்த இருட்டிலும் பழைய வேரையும் எருவையும் மெல்லத் தின்றுகொண்டிருக்கும். பனி உருகும்போது அவற்றில் பல செத்து, அந்தச் சத்து முளைக்கும் வேருக்குப் போகும். முன்னதாகவே செத்தால் வாங்கிக்கொள்ள வேர் இருக்காது. சத்து உருகும் நீரோடு போய்விடும்.

"அப்ப செத்துருச்சுங்கிற."

"எல்லாம் சாகாது அச்சே. எவ்வளவு தப்பிச்சிருக்கும்னு எனக்குத் தெரியல."

"தெரியாதத நம்பி இருக்குறதையும் மண்ணுல போடவா?"

விதைக்கிற வாரத்தில் எங்கள் ஊரில் யாரும் பார்லி வறுப்பதில்லை. அந்த வாரம் பல்மோ வீட்டிலிருந்து வறுக்கிற வாசம் வந்தது. குன்ஸெஸ்தான் முதலில் ஓடினாள். நான் போனபோது அவள் விதை மூட்டையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதிக்கு மேல் வறுத்தாகிவிட்டது. பல்மோ தடுக்கவில்லை, வாணலியைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் குன்ஸெஸ் தன் வீட்டு ஏரை அனுப்பினாள். மீதி விதையை நான்தான் தூவினேன். பல்மோ வயலுக்கு வரவில்லை.