இருதயராஜின் மூக்கு

ஆம்பூர்க்காரனிடம் நாற்றத்தைப் பற்றிப் பேச வந்தவனை நான் சும்மா விட்டதில்லை. ரயில் எங்கள் ஊரைத் தாண்டும்போது கைக்குட்டையை எடுக்கிற ஆட்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காலில் மட்டும் தோல் செருப்பு வேண்டும், மூக்கில் தோல் வாடை ஆகாது! அப்படிப்பட்ட நானே தரங்கம்பாடிக் கடற்கரையில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினேன். ஓடாமல் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் இருதயராஜ்.

மீசை அரும்பிய வயதில் தோல் ஷாப்புக்கு, அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலைக்கு, வந்தவர் அவர். முதலில் பச்சைத்தோல் ஊறும் தொட்டிகளில் வேலை. பிறகு என்னோடு, தோலுக்குச் சாயம் அடிக்கும் ஸ்பிரே பிரிவில். முகமூடி கொடுத்தால் கழுத்தில் மாட்டிக்கொள்வார். பெரிய ஆட்கள் வந்தால் மட்டும் அது மேலே ஏறும். நாங்கள் எல்லாருமே அப்படித்தான். வருடக் கணக்காக அவருக்கு ஒரு புலம்பல், ஊரில் பிரியாணி கெட்டுப்போய்விட்டதென்று.

"இன்னா பாய், உங்க ஆளுங்க மசாலாவக் கம்மி பண்ணிட்டாங்களா? வாசனையே இல்லியே" என்பார். கடை கடையாக மாறிப் பார்த்தார், எதிலும் திருப்தியில்லை. நாங்கள் அவருக்கு 'நவாப்' என்று பெயர் வைத்தோம்.

அவர் மனைவி சவுரியம்மாள் பக்கவாதத்தில் விழுந்து ஐந்து வருடம் ஆகிறது. பேச்சுக்குக் குறையில்லை, இடது பக்கம்தான் போய்விட்டது. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் இருதயராஜ்தான். ஓசூரிலிருந்து மகன் ஆல்வின் வந்தால் ஜன்னலோரமாக நிற்பான். மருமகள் வாசலைத் தாண்ட மாட்டாள். கூடப் பிறந்த தங்கையே முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டுதான் உள்ளே நுழைவாள்.

என் மனைவி சகீனா பார்க்கப் போகும்போதெல்லாம் சவுரியம்மாள் சொல்வது ஒன்றுதான். "எல்லாரும் மூஞ்சியத் திருப்பிக்கினுதான் வர்றாங்க அக்கா. எங்க வூட்டுக்காரு மட்டும் ஒரு நாளும் சுளிச்சதில்ல. அந்த ஒண்ணுக்காகத்தான் இந்த உசுரு இன்னும் நிக்குது."

சகீனா அதை வீட்டுக்கு வந்து என்னிடம் ஒப்பிப்பாள். ஒரு நாள் நான் மீன் வாடை என்று முனகினாலும் போதும், இருதயராஜைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவாள். அந்த மனிதர் மேல் எனக்குப் பொறாமையே வந்தது.

எங்கள் பிரிவில் வருடா வருடம் வேன் பிடித்துக் கடலோரம் போவோம். இந்துக்களுக்குத் திருக்கடையூர், எங்களுக்கு நாகூர், கிறிஸ்தவர்களுக்கு வேளாங்கண்ணி. நடுவில் தரங்கம்பாடி எல்லாருக்கும் பொது, அங்கே கடலும் கோட்டையும்தான் விசேஷம் என்பதால் சண்டை கிடையாது. இருதயராஜ் ஒரு வருடமும் வந்ததில்லை. இந்த முறை சவுரியம்மாளே விரட்டி அனுப்பினாள். "மாதா கோயில்ல எனக்காக ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வா, போ" என்றாள். சகீனா பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

தரங்கம்பாடியில் மனிதர் குழந்தையாகிவிட்டார். டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையில் ஒவ்வொரு பலகையையும் உரக்கப் படித்தார். பீரங்கியைத் தட்டிப் பார்த்தார். பழைய தேவாலயத்தின் வாசலில் நின்று போட்டோ எடுக்கச் சொன்னார். பிறகு மணலில் இறங்கி நடந்தோம். கொஞ்ச தூரத்தில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. அதற்கும் அப்பால் கோழித் தீவனத்துக்காகக் கொட்டி வைத்த மீன் கழிவு, குவியலாக.

காற்று எங்கள் பக்கம் திரும்பியதுதான் தாமதம், தோல் ஷாப் வீராப்பெல்லாம் பறந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வர ஓடினோம். திரும்பிப் பார்த்தால் இருதயராஜ் அந்தக் குவியலுக்குப் பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட படகின் மேல் உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"யோவ் இருதயம், நாத்தம் கொடலப் புடுங்குது, அங்க உக்காந்து துன்றியே!" என்று கத்தினேன்.

"இன்னா நாத்தம்?" என்றார், வாயில் சோற்றோடு.

விளையாடுகிறார் என்று நினைத்தோம். வேனில் வழியெல்லாம் அதுதான் சிரிப்பு.

நாகூரில் தர்கா தெருவில் அத்தர் வாங்க நின்றேன். நவாபைச் சீண்டலாம் என்று, இருப்பதிலேயே கடுமையான அத்தரை எடுத்து அவர் புறங்கையில் தடவினேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "தண்ணியத் தடவி ஏமாத்துறியா பாய்?" என்றார். நான் சிரித்தேன். கடைக்காரர் சிரிக்கவில்லை. இன்னொரு குப்பியைத் திறந்து நீட்டினார், பிறகு இன்னொன்று. சாம்பிராணித் தட்டைக் கொண்டுவந்து மூக்கருகில் பிடித்தார்.

"பாய், இவருக்கு வாசனையே தெரியல. டாக்டரக் காட்டுங்க" என்றார்.

இருதயராஜ் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பக்கத்துக் கடையில் ஒரு முழம் மல்லிகையை வாங்கி, கசக்கி முகத்தோடு அழுத்திக்கொண்டார். சட்டையை இழுத்துத் தன் வியர்வையை முகர்ந்தார். அதுவும் போதாமல் தெருவோரச் சாக்கடையின் மேல் குனிந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டார். போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"ஒண்ணுமே வர்ல பாய்" என்றார்.

சளியாக இருக்கும், மருந்துக்குச் சரியாகிவிடும் என்று ஏதோ உளறினேன். அந்தப் பிரியாணிப் புலம்பல் ஞாபகம் வந்தது. எத்தனை வருடமாக இப்படி? அவர் அதையெல்லாம் கேட்கவில்லை. கடைப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ சவுரி?" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"நான் மூஞ்சி சுளிக்கலன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு கெடக்கா பாய். தெரிஞ்சாத்தான சுளிக்கிறதுக்கு? போன வருசம் அவ முதுவுல புண்ணு அழுவிப் போயிருந்துச்சு. இவ்ளோ நாத்தம் வர்ற வரைக்கும் இன்னா பண்ணேன்னு நர்ஸம்மா திட்டுச்சு. திமிரு புடிச்ச பொம்பளன்னு நெனச்சிட்டேன்."

வேளாங்கண்ணியில் அவர் மெழுகுவத்தி ஏற்றினார், ஜெபம் வாயில் வரவில்லை என்றார். கடலைப் பார்க்கவே இல்லை.

"சொல்லிடாதய்யா" என்றேன். "அந்தம்மாவுக்கு இருக்கறதே அது ஒண்ணுதான். அதையும் புடுங்கிடாத."

"சொல்லலன்னா? மறுபடி புண்ணு வெச்சா எனக்கு எப்படித் தெரியும் பாய்?"

ராத்திரியே வேன் ஆம்பூருக்குத் திரும்பியது.

காலையில் அவர் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். சமைப்பதற்காகச் சகீனா விடியும் முன்பே எங்கள் வீட்டுக்குப் போயிருந்தாள். கதவைத் திறந்ததும் வாடை என் முகத்தில் அடித்தது. முகத்தில் ஒரு தசையும் அசையக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் இருதயராஜ் கட்டிலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் மூக்கு என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"வந்துட்டியா? கடல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள் சவுரியம்மாள், சிரித்த முகமாக.

அவர் கட்டிலருகே மண்டியிட்டார். "சவுரி, இப்போ துணி நனைஞ்சிருக்கா?"

அவள் சிரிப்பு நின்றது. பாய் நிற்கும்போது இதென்ன கேள்வி என்பதுபோல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எனக்கு மூக்கு செத்துப் போச்சு சவுரி. ரொம்ப வருசமாவே. ஒரு வாடையும் தெரியாது. நீ நெனச்சிக்கினு இருக்கற மாதிரி நான் இல்ல."

நான் வெளியே போயிருக்க வேண்டும். கால் நகரவில்லை. அவள் அழுவாள், திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் சுவரை விட்டு அவர் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"அப்போ இத்தினி வருசமா நான் மட்டும் தனியாவா இதுல கெடந்தேன்?" என்றாள்.

இருதயராஜ் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்குத் தெரியும்னுதான் நெனச்சேன். தெரிஞ்சும் வர்லன்னா அசதியா இருக்கும்னு, கூப்பிடாம அப்பிடியே கெடப்பேன். ராத்திரி பூரா கெடந்திருக்கேன்யா."

அவர் கட்டில் சட்டத்தில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். அவளுடைய வலது கை மெதுவாக நகர்ந்து அவர் முடியைப் பிடித்துத் தலையை நிமிர்த்தியது. என்னை ஒரு முறை பார்த்தாள், வெட்கப்படவில்லை.

"விடிஞ்சதுலேர்ந்து நனைஞ்சிதான் இருக்கு" என்றாள். "மாத்தி உடு."