வெட்டிய பாட்டில் ஒருத்தி

போன ஞாயிற்றுக்கிழமை காந்திபுரத்தில் ஒரு பழைய படம் பார்த்தேன். பார்த்தேன் என்றா சொன்னேன்? மிச்சம் இருந்ததைப் பார்த்தேன்.

போஸ்டரில் 'புத்தம் புதிய காப்பி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதை நம்பித்தான் சோமனூரிலிருந்து பஸ் ஏறினோம். நான், என் மனைவி, பக்கத்து வீட்டு ருக்குமணியக்கா.

அக்கா சினிமாவுக்குப் போகிறவர் இல்லை. இதற்கு வந்ததற்குக் காரணம் இருக்கிறது. கோவையில் ஸ்டுடியோ நடந்த காலத்தில் அவருடைய அம்மா இந்தப் படத்தில் கும்பலோடு ஆடியிருக்கிறார். திருவிழாப் பாட்டு... இடது ஓரத்தில், தலையில் குடத்தோடு. அக்கா கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டார். வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. கூத்தாடப் போனவள் என்று அப்பாவுக்கு அவமானம். அவர் உயிரோடு இருந்தவரை மகளை இந்தப் படத்துக்கு அனுப்பவே இல்லை.

திருவிழா வந்தது. மேளம் ஆரம்பித்தது. அக்கா சீட்டின் நுனிக்கு வந்தார்.

டக் — வில்லன் வீட்டு மாடிப்படி.

பின் வரிசையில் காலேஜ் பையன்கள். அவ்வளவு நேரம் கிண்டல் அடித்துக்கொண்டிருந்தவர்கள்தான், "டேய் ஆபரேட்டரு, பாட்டு எங்கடா?" என்று கத்தினார்கள்.

"ஏனுங்க தம்பி, பாட்டு இனிமேத்தான் வருமுங்களா?" என்று அக்கா கேட்டார்.

நான் திரும்பி ஆபரேட்டர் அறையைப் பார்த்தேன்.

படம் முடிந்ததும் அக்கா நேராக மேனேஜர் அறைக்குப் போனார். பேன்ட் போட்டவர்கள் முன்னால் எனக்கு வாய் வராது. வாசலிலேயே நின்றுகொண்டேன்.

"இந்தக் காலத்துப் பசங்க பாட்டுக்கெல்லாம் உக்கார மாட்டாங்க அம்மணி. அதான் கம்பெனியில நீளத்தைக் கொறைச்சு, சவுண்டை ஏத்தி, புதுசா காப்பி போட்டிருக்கறாங்க."

"கொறைச்ச துண்டு எங்கீங்க?"

"அது எதுக்குங்க உங்களுக்கு?"

"அதுல எங்கம்மா இருக்குதுங்க."

மேனேஜர் சிரிக்கவில்லை. அதுவரை நல்லது. "கறுப்பு வெள்ளைப் பிலிமைக் கழுவுனா வெள்ளி கெடைக்குமுங்க. பழசையெல்லாம் அதுக்குக் குடுத்துப்போட்டாங்களாமா," என்றார் மெதுவாக.

"அப்ப எங்கம்மாளைக் கழுவி ஊத்திப்போட்டீங்க," என்றார் அக்கா. குரல் ஏறவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

புதிய தலைமுறைக்காகவாம். பாட்டு எங்கே என்று கத்தியது எந்தத் தலைமுறை? பழைய வீட்டைப் புதுப்பிக்கிறேன் என்று வந்தவன் பூஜை அறையை இடித்துவிட்டுப் பெயின்ட் அடித்தால் சும்மா விடுவீர்களா? சினிமா என்றால் மட்டும் கேட்க ஆள் இல்லை. கீறலைத் துடையுங்கள், சத்தத்தைச் சுத்தம் செய்யுங்கள், கும்பிட்டுக்கொள்கிறேன். கத்தரிக்கோலை எடுக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? அதிலும் மூலத்தையே கரைத்துவிட்டு, புதுசு என்று டிக்கெட் கிழிக்க எவ்வளவு துணிச்சல்...

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா கேட்டார்: "வேற ஊர்ல எங்கியாச்சும் பழைய காப்பி கெடக்குமுங்களா தம்பி?"

"கெடக்குமுங்க்கா," என்றேன். எனக்கென்ன தெரியும்?

டூரிங் கொட்டகை நடத்தியவர்களே, விநியோகம் பார்த்தவர்களே... பரண் மேல் ரீல் பெட்டி கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். நடுவில் ஆடும் கதாநாயகியைப் பார்க்க ஊரே வரும்.

ஓரத்தில் ஆடியவரைப் பார்க்க ஒரே ஒரு ஆள்தான் — அவருக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.