ஆல்பமும் ஆல்புமினும்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் வெள்ளிமலை பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். அகராதி வேலைக்காக ஊர் ஊராய் அலைந்ததில் உடம்பெல்லாம் அசதி. பக்கத்தில் நிறைமாதப் பெண் ஒருத்தி, புருஷனோடு உட்கார்ந்திருக்கிறாள். வீங்கிய பாதத்தில் செருப்பு வார் பதிந்திருக்கிறது.

"ஆஸ்பத்திரிக்கு வந்தியாம்மா?"

"ஆமாங்க்கா. யூரின்ல ஏதோ ஆல்பம் இருக்குதாம், பெரியாஸ்பத்திரிக்குப் போன்னு மலையில நர்சம்மா சொன்னாங்க. அங்க ஒரே கூட்டம். ஆல்பந்தானே, இன்னா ஆயிடப்போவுது? வூட்டுக்குப் போய்க்கினு இருக்கோம்."

நர்ஸ் சொன்னது ஆல்புமின்; இவள் காதில் ஆல்பம் என்று விழுந்திருக்கிறது. இரண்டு சொல்லுமே வெள்ளையைக் குறிக்கும் 'ஆல்பஸ்' என்ற லத்தீன் உரிச்சொல்லில் பிறந்தவைதான். ரோமானியர் அறிவிப்பு எழுதிய வெள்ளைப் பலகை ஆல்பம். பிற்காலத்தில் அது கல்யாணப் படம் ஒட்டும் புத்தகமானது. முட்டையின் வெள்ளைக்கருவிலிருந்து பெயர் பெற்ற புரதம் ஆல்புமின். இதைச் சொல்லி இவளுக்கு என்ன ஆகப்போகிறது?

"தலை வலிக்குதா?"

"காலைலேர்ந்து. கண்ணு கூட மங்கலா இருக்குது."

பஸ் வந்து நிற்கிறது. புருஷன் பையைத் தூக்குகிறான். நான் அதைப் பிடித்துக்கொள்கிறேன்.

"அது ஆல்பம் இல்லப்பா, ஆல்புமின். பிரஷர் ஏறியிருக்கும், ரெண்டு உயிருக்கும் ஆபத்து. ஆட்டோ புடி."

அவன் அவள் பாதத்தைப் பார்க்கிறான். பிறகு ஓடுகிறான்.

ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்ததுமே கட்டிலில் படுக்கவைத்து ஊசி போடுகிறார்கள். வேளையோடு வந்தீர்கள் என்கிறார் டாக்டர்.

"நீங்க யாருங்க?" என்று நர்ஸ் என்னைக் கேட்கிறார்.

நான் வாய் திறக்குமுன், "எங்கக்கா" என்கிறாள் அவள், கண்ணைத் திறக்காமலே.