வெற்றுத் தாளில் போட்ட கையெழுத்து

கல்லூரித் திடலை ஒட்டிய முதலுதவி அறைக்குப் பதினெட்டு வருஷமாக அவள்தான் பொறுப்பு. சுளுக்கிய கணுக்கால்களுக்குக் கட்டுப் போட்டுப் போட்டு, பையன்கள் வாயில் 'கட்டக்கா' என்றே நின்றுவிட்டாள். மருத்துவமனையில் செவிலி உதவியாளராகப் பயின்றவள். படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரை ஆறு வருஷம், முதுகில் ஒரு புண் வராமல் பார்த்துக்கொண்டவள்.

அந்த வருஷம் கால்பந்து அணிக்கு யோகம் அடித்தது. முந்தைய வருஷம் கடைசி இடத்தில் கிடந்தவர்கள் பதினான்கு ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. கோல்களில் பாதி, 'ஊசி' என்று எல்லாரும் கூப்பிட்ட முன்கள ஆட்டக்காரனுடையவை. ஒல்லிப் பையன், இரண்டு பேருக்கு நடுவே கையகலம் இடம் கிடைத்தால் புகுந்துவிடுவான்.

ஆடப்போகிறவர்கள் உடல்தகுதியோடு இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவள் கையெழுத்துப் போட வேண்டும். ஆட்டங்களோ சனி, ஞாயிறு. அவளுக்கு விடுமுறை நாட்கள். ஆரம்பத்திலேயே பயிற்சியாளர் இருபது வெற்றுத் தாள்களை நீட்டினார். "ஒரே மூச்சுல போட்டுடுங்க. உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்." போட்டுக் கொடுத்தாள். அந்த மடத்தனத்தை அவளேதான் செய்தாள். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

இறுதி ஆட்டம் சொந்தத் திடலில், ஞாயிறு மாலை. வேடிக்கை பார்க்க வந்தவளைக் கோல்கீப்பர் ஓரமாக அழைத்தான்.

"அக்கா, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. நேத்து செமிஃபைனல்ல ஊசி மண்டையோட மண்டை மோதி விழுந்துட்டான். ஒரு நிமிஷம் அசைவே இல்ல. பஸ்ல ரெண்டு தடவ வாந்தி."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"வெயில்தான்னு கோச் சொல்லிட்டார்."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. நேராக உடை மாற்றும் அறைக்குள் நுழைந்தாள். ஊசி மூலையில், வெளிச்சம் படாமல் கண்ணைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"டிசம்பர்லேர்ந்து மாசத்தைத் தலைகீழா சொல்லிட்டு வாடா."

"டிசம்பர், நவம்பர், அக்டோபர்... ஆகஸ்ட்... அக்டோபர்..."

"நேரா சொன்னாலே அவனுக்கு வராதுக்கா!" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். ஊசி மட்டும் விட்ட இடத்தைத் தேடிக்கொண்டிருந்தான். சிரிப்பு அடங்கிப்போனது.

"தொண்ணூறு நிமிஷம்தான். அப்புறம் எவ்வளவு வேணா தூங்கட்டும்" என்றார் பயிற்சியாளர்.

"இன்னொரு அடி பட்டுத் தூங்கினா, எழுந்திருப்பான்னு உங்ககிட்ட யார் சொன்னா?"

"நீங்கதான் சொல்லியிருக்கீங்க." தாளை நீட்டினார். ஊசியின் பெயர் இருந்தது. கீழே அவள் கையெழுத்து.

"நான் விளையாடுவேன்க்கா. கெடுத்துடாதீங்க" என்றான் ஊசி. "வருஷம் பூரா இதுக்குத்தான் ஓடினேன்."

அவள் தாளைப் பிடுங்கிக்கொண்டு ஆட்ட அதிகாரியின் மேசைக்குப் போனாள்.

"கையெழுத்து என்னோடது. பார்க்காம போட்டது. இந்தப் பையனை எடுத்துடுங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "பார்க்காம போட்டேன்னு நீங்களே சொல்றீங்களா? நான் காலேஜுக்கு எழுத வேண்டியிருக்கும்மா. வேலைக்கே ஆபத்து."

"எழுதுங்க. முதல்ல அவன் பேரை அடிங்க."

அடித்தார்.

விசில் ஊதும்போது, வாட்ச்மேன் பிடித்துக்கொடுத்த வாடகைக் காரில் ஊசியை ஏற்றியிருந்தாள். வழி நெடுக அவளைத் திட்டினான். "உங்களுக்கு என்ன தெரியும் ஃபுட்பால் பத்தி?"

"ஒண்ணும் தெரியாது. தலையை ஆட்டாம திட்டு."

ஸ்கேன் எடுத்த மருத்துவர் படத்தை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். மூளையை ஒட்டி மெல்லிய இரத்தக் கசிவு. இப்போதைக்கு அறுவை வேண்டாம், அசையாமல் படுக்கட்டும் என்றார். இனி ஆடுவானா என்ற கேள்விக்கு உதட்டைப் பிதுக்கினார். அவளுக்கு வந்தது பயம் இல்லை, ஆத்திரம். பயிற்சியாளர் மீது பாதி, இருபது முறை ஓடிய தன் பேனா மீது மீதி.

இரண்டு மணி நேரம் கழித்து வார்டு வாசலில் ஆரவாரம். இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்திருந்தார்கள். கழுத்தில் மாலையோடு பயிற்சியாளர் கப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார், பின்னால் கல்லூரிப் புகைப்படக்காரர்.

"எங்க நம்ம ஹீரோ? 'சரியான நேரத்துல வீரனுக்கு ஓய்வு கொடுத்தார்'னு பிரின்சிபால் மைக்கிலேயே என்னைப் பாராட்டிட்டார். ஊசி கையில கப்பைக் கொடுத்து ஒரு படம்..."

ஊசி படுக்கையில் ஒருக்களித்து ஓங்கரித்தான். அவள் அவன் தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறு கையால் வாந்தி பிடிக்கும் கிண்ணத்தை எடுத்துப் பயிற்சியாளரின் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள்.

"கப்பைக் கீழ வைங்க. இதைப் பிடிங்க."

"நானா?"

"வேற யாரு? வாய்க்கிட்ட பிடிங்க. இன்னும் கிட்ட."

கப்பைத் தரையில் வைத்துவிட்டு அவர் பிடித்தார். ஊசி வாந்தி எடுத்தான். மாலையிலும் தெறித்தது. புகைப்படக்காரர் கேமராவை மெல்லக் கீழே இறக்கினார்.

"ஏன் இறக்கிட்டீங்க?" என்றாள் கட்டக்கா. "இப்ப எடுங்க."